காயலும் கயலும்: ஆழமற்ற நீருக்கு ஒரு பெயர் வந்த வழி

1. கேள்வி

தாமிரபரணி கடலோடு கலக்கும் இடத்தைச் சுற்றி மூன்று ஊர்கள் ஒரே சொல்லைத் தம் பெயரில் தாங்கி நிற்கின்றன. ஆற்றங்கரையில் சற்று உள்வாங்கிய இடத்தில் பழையகாயல். முகத்துவாரத்தில் புன்னைக்காயல். அதற்குத் தெற்கே, கடலோரத்தில் காயல்பட்டினம். மூன்றாவது ஊரின் மக்கள் வெளியூரிலும் வெளிநாட்டிலும் தம்மைக் 'காயலர்' என்றே சொல்லிக்கொள்கிறார்கள். பட்டினம் உதிர்ந்துபோய்க் காயல் மட்டும் நிற்கும் அளவுக்கு அந்தச் சொல் வலுவானது.

அந்தச் சொல்லின் பொருள் என்ன, பிறப்பு எது என்பதற்கு மூன்று விடைகள் புழக்கத்தில் உள்ளன. எகிப்தின் தலைநகரான காஹிரா என்ற அரபுப் பெயரின் திரிபு என்பது ஒன்று. பாண்டியரின் கயல் சின்னத்தோடு தொடர்புடையது என்பது இரண்டாவது. கழிமுக நீர்நிலையைக் குறிக்கும் பொதுச்சொல்லே ஊர்ப்பெயராயிற்று என்பது மூன்றாவது. மூன்றாவதே சரி என்று அகராதிகள் நெடுங்காலமாகச் சொல்லிவருகின்றன. ஆனால் ஏன் சரி என்பதை அவை விளக்குவதில்லை. கழிமுகத்துக்குக் 'காயல்' என்ற பெயர் எப்படிப் பொருந்தியது என்பதையும் விட்டுவிடுகின்றன. அந்த இடைவெளியை நிரப்ப முயல்வதே இக்கட்டுரை. அதற்கு எதிர்பாராத ஓர் இடத்திலிருந்து, ஓர் ஆங்கிலச் சொல்லின் வரலாற்றிலிருந்து, உதவி கிடைக்கிறது.

2. 'ஷோல்': ஓர் ஒலி, இரண்டு பிறப்பு

ஆங்கிலத்தில் 'ஷோல்' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள்கள் உண்டு. கடலிலோ ஆற்றிலோ நீர் ஆழம் குறைந்த இடம், மணல்திட்டு என்பது ஒன்று. மீன்கூட்டம் என்பது மற்றொன்று. எழுத்திலும் ஒலிப்பிலும் இரண்டுக்கும் எந்த வேறுபாடும் இல்லை. கடலை அறிந்தவர் எவரும் இரண்டும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை என்றுதான் முதலில் நினைப்பார். ஆழமற்ற இடத்தில் மீன் கூடும். எனவே இடத்தின் பெயர் கூட்டத்துக்கு ஆகிவந்தது என்று இடவாகுபெயராக விளக்கம் சொல்லிவிடலாம். தமிழ் இலக்கணம் படித்தவருக்கு இது இன்னும் எளிதாக வரும்.

ஆனால் வரலாறு வேறு. ஆழமற்ற இடத்தைக் குறிக்கும் 'ஷோல்' பழைய ஆங்கிலத்தில் 'ஆழமற்ற' என்னும் பெயரடையாக இருந்தது. இங்கிலாந்தின் சரே வட்டாரத்திலுள்ள ஷால்ஃபோர்டு என்ற ஊரின் பெயரில் அந்தப் பழைய வடிவம் இன்றும் உறைந்திருக்கிறது. ஆழமில்லாத ஆற்றுத்துறை என்பது அதன் பொருள். 'ஷாலோ' என்ற இன்றைய சொல்லும் இதே குடும்பம். மீன்கூட்டத்தைக் குறிக்கும் 'ஷோல்' வேறு வழியில் வந்தது. கூட்டம், படை, திரள் என்று பொருள்படும் ஒரு ஜெர்மானியச் சொல்லிலிருந்து வந்த அது, 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கில எழுத்தில் பரவுகிறது. அது பழைய ஆங்கிலத்திலேயே இருந்த சொல்லின் மறுவரவா, டச்சுக் கடலோடிகளிடமிருந்து வாங்கப்பட்டதா என்பதில் மட்டுமே கருத்து வேறுபாடு. மீன்கூட்டத்தை 'ஸ்கூல்' என்றும் ஆங்கிலத்தில் சொல்வது இதே சொல்லின் இன்னொரு வடிவத்தால்தான். பள்ளிக்கூடத்தைக் குறிக்கும் 'ஸ்கூல்' ஓய்வைக் குறித்த கிரேக்கச் சொல்லிலிருந்து இலத்தீன் வழியாக வந்தது; மீனோடு அதற்கு உறவே இல்லை. பிற்கால அறிவியல் இந்த இரட்டை வடிவத்தைப் பயன்படுத்திக்கொண்டது. 1983இல் மீன் நடத்தை ஆய்வாளர் டோனி பிட்சர் முன்மொழிந்த வரையறையின்படி, மீன்கள் சேர்ந்திருப்பது மட்டும் 'ஷோல்'. ஒரே திசையில் ஒருமித்து நீந்தினால் 'ஸ்கூல்'.

இந்த எடுத்துக்காட்டு ஒலி ஒப்புமையைப் பற்றி எச்சரிக்கிறது. பொருளும் சூழலும் கச்சிதமாகப் பொருந்தினாலும், இரண்டு சொற்கள் ஒன்றுபோல் ஒலிப்பது உறவுக்குச் சான்றாகாது. காயலுக்கு இந்த எச்சரிக்கை நேராகப் பொருந்தும். இங்கும் ஒருபுறம் ஆழமற்ற நீர், மறுபுறம் மீன். நடுவில் ஓர் உயிரின் குறில் நெடில் வேறுபாடு மட்டுமே.

3. காஹிராவும் கயலும்

முதலில் காஹிரா. காயல்பட்டினத்தில் வழங்கும் மரபுகளில் ஒன்று, 9ஆம் நூற்றாண்டில் எகிப்திலிருந்து ஒரு குழுவினர் வந்து குடியேறினர் என்றும், தம் தாயகத்தின் பெயரை ஊருக்கு வைத்தனர் என்றும் கூறுகிறது. அரபு உலகோடு இவ்வூருக்கு இருந்த உறவின் நினைவை ஏந்தும் மரபு அது. அந்த உறவு ஐயத்துக்கு அப்பாற்பட்டது. ஆனால் பெயர் விளக்கமாக அதை ஏற்பதில் காலத் தடை ஒன்று உண்டு. அல்-காஹிரா என்ற நகரம் ஃபாத்திமிய ஆட்சியில் 969இல்தான் நிறுவப்பட்டது. அதற்கு முன் அங்கிருந்த தலைநகரின் பெயர் ஃபுஸ்தாத். 9ஆம் நூற்றாண்டில் புறப்பட்டவர்கள் இன்னும் பிறக்காத ஊரின் பெயரைக் கொண்டுவந்திருக்க முடியாது. குடியேற்றம் பிற்காலத்தது என்று திருத்திக்கொண்டாலும் இன்னொரு கேள்வி எழும். அரபு வணிகரின் ஊராக அறியப்படாத புன்னைக்காயல் எப்படி அதே பெயரைப் பெற்றது? கேரளக் கரை நெடுகிலும் காயல்கள் எப்படி வந்தன?

இரண்டாவது கயல். பாண்டியரின் இலச்சினை மீன். கொற்கை அவர்களின் துறைமுகம். இளவரசர்கள் இருந்து ஆண்ட ஊராகவும் மரபு அதைச் சொல்லும். கொற்கை தேய்ந்தபின் எழுந்த துறைமுகம் காயல். எனவே கயல் காயலாயிற்று என்பது கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் தமிழில் குறிலும் நெடிலும் பொருளைப் பிரிப்பவை. படம் வேறு, பாடம் வேறு. கயல் நீண்டு காயலானது என்றால், அந்த நீட்சிக்கு இதே வகையில் வேறு சொற்களும் காட்டப்பட வேண்டும். அப்படி எதுவும் காட்டப்பட்டதில்லை. மேலும், கயல் என்று நம் இலக்கியமும் அகராதிகளும் குறிப்பது கெண்டை இனத்து நன்னீர் மீனை. உப்பங்கழியின் ஊருக்கு நன்னீர் மீனின் பெயரை வைத்தார்கள் என்பது, சின்னத்தின் புகழைக் கொண்டு நிலத்தை விளக்கும் முயற்சி. கேரளத்தின் வேம்பநாட்டுக் காயலுக்கும் அஷ்டமுடிக் காயலுக்கும் பாண்டியரின் மீனோடு என்ன தொடர்பு என்ற கேள்விக்கும் இதில் இடமில்லை.

4. 'காய்' என்னும் வினை

அப்படியானால் மூன்றாவது விடை எந்த அளவுக்கு உறுதியானது? திராவிட மொழிநூலறிஞர் கால்டுவெல் காயலைக் கடலோடு திறக்கும் கழிமுக நீராகப் பொருள்கொண்டார். யூலும் பர்னலும் தொகுத்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதி (1886, க்ரூக்கின் திருத்திய பதிப்பு 1903) காயல் என்ற ஊரைத் தனிப் பதிவாகத் தந்து, 'காய்' என்ற வினையோடு அதன் பெயரை இணைக்கிறது. காய் என்றால் வெப்பமாதல், உலர்தல். அல் என்ற விகுதி சேர்ந்தால் காயல்: காய்தல், காய்ந்த நிலை. ஆடு, பாடு என்ற வினைகள் ஆடலும் பாடலும் ஆவதுபோல இலக்கணத்தில் இது முறையான ஆக்கம்.

இலக்கணம் சரி. பொருள்தான் உறுத்துகிறது. நீர் நிறைந்த இடத்தை 'காய்ந்தது' என்று யார் அழைப்பார்? இந்தத் தயக்கத்தால்தான் சிலர் கழி என்ற சொல்லே திரிந்து காயலாயிற்று என்று கருத விரும்புவர். ழகரம் யகரமாவது பேச்சுத் தமிழில் உண்டு. 'பழம்' சென்னையில் 'பயம்' ஆகிறது. ஆனால் இங்கே மலையாளம் குறுக்கே நிற்கிறது. மலையாளம் ழகரத்தைக் கவனமாகக் காத்த மொழி. முகத்துவாரத்தைக் குறிக்கும் 'அழி' என்ற சொல் அங்கே ழகரத்தோடு அப்படியே வழங்குகிறது. அதே கரையில், அதே மக்களின் வாயில், காயல் யகரத்தோடு வழங்குகிறது. காயல் கழியிலிருந்து திரிந்திருந்தால், ழகரத்தை விடாத அந்த மொழியில் ஏன் இந்த ஒரு சொல் மட்டும் மாறியது என்பதற்கு விடை வேண்டும். முதலெழுத்தின் நெடிலுக்கும் இறுதி லகரத்துக்கும் தனியாகக் காரணம் சொல்ல வேண்டும். மூன்று மாற்றங்களை ஒரே சொல்லில் கற்பிக்கும் விளக்கத்தைவிட, எந்த மாற்றமும் தேவைப்படாத 'காய் + அல்' வலுவானது.

பொருள் உறுத்தலுக்கு இப்போது மீண்டும் ஆங்கிலச் சொல்லிடம் போக வேண்டும். 'ஆழமற்ற' என்ற பொருளில் வந்த பழைய ஆங்கிலச் சொல்லுக்குப் பின்னால், 'வற்றுதல், உலர்ந்துபோதல்' என்ற பொருளுடைய ஜெர்மானிய வினையையும், அதற்கும் பின்னால் அதே பொருளுடைய இந்தோ-ஐரோப்பிய வேரையும் சொற்பிறப்பியலாளர் சிலர் மீட்டமைத்திருக்கிறார்கள். எலும்புக்கூட்டைக் குறிக்கும் 'ஸ்கெலிட்டன்' என்ற கிரேக்கச் சொல்லும் அந்த வேரின் கிளையாகவே கருதப்படுகிறது: உலர்ந்த உடல். இது மீட்டமைப்பு, கல்வெட்டுச் சான்று போன்றதன்று. ஆயினும் இது காட்டும் பொருள்வழி தெளிவானது. வற்றக்கூடிய நீர், வற்றிக்கொண்டிருக்கும் நீர், எனவே ஆழமற்ற நீர். வட கடலோரத்து மக்கள் உலர்தலிலிருந்து ஆழமின்மைக்கு வந்துசேர்ந்தார்கள் என்றால், ஓதம் இறங்கும்போது சேறு தெரியும் கழிமுகத்தைக் கண்ட தென்கரை மக்களும் அதே வழியில் வந்திருக்க முடியும். இரு மொழிக்கும் உறவில்லை என்பதே இந்த ஒப்புமைக்கு வலு. ஒலியை ஒப்பிட்டால் தற்செயல் நம்மை ஏமாற்றும். தொடர்பற்ற இரண்டு மொழிகள் ஒரே பொருள்மாற்றத்தைத் தனித்தனியே செய்திருந்தால், அது மனிதர் நீரைப் பார்க்கும் முறையைக் காட்டுகிறது.

நிலமும் இதற்குச் சாட்சி சொல்கிறது. குட்டநாட்டில் வேம்பநாட்டு ஏரியின் ஆழமற்ற பகுதிகளுக்கு வரம்பு கட்டி, நீரை இறைத்து, கடல்மட்டத்துக்குக் கீழே நெல் விளைவிக்கிறார்கள். அந்த வயல்களுக்குப் பெயர் காயல்: சித்திரைக் காயல், மார்த்தாண்டக் காயல், ராணிக் காயல். நீராக இருந்தபோதும் காயல், உலர்த்தி வயலாக்கிய பின்னும் காயல். தாமிரபரணியின் முகத்தில் நெல்லுக்குப் பதில் உப்பு. பழையகாயலிலிருந்து ஆறுமுகநேரி வரை பரந்து கிடக்கும் உப்பளங்கள், கடல்நீரை மெல்லிய தகடாக நிலத்தில் விரித்து வெயிலில் காயவிடும் இடங்கள். பாத்தி கட்டுவது மனிதர் வேலை. ஆனால் கோடையில் கழியோரத்தில் தானாகவே உப்புப் பூப்பதைப் பார்த்துத்தான் மனிதர் அதைக் கற்றிருப்பார்கள். நீர் காயும் இடம் என்ற பெயர் அந்த மண்ணுக்கு வலிந்து ஒட்டவைத்ததன்று.

5. பார், சல்லி, தீடை

இந்த நீரில் தொழில் செய்தவர்களிடம் காயல் ஒரு சொல் மட்டுமே. ஆழமின்மைக்கு அவர்களிடம் ஒரு சொற்குடும்பமே உண்டு. அகராதிகள் எல்லாவற்றையும் 'திட்டு' என்று ஒரே கூட்டில் அடைத்துவிடுகின்றன. அது பெரிய இழப்பு.

முத்தும் சங்கும் எடுத்தவர்களின் முதன்மைச் சொல் பார். கடலடியில் பாறையோ கெட்டிப்பட்ட தரையோ உள்ள இடம். சிப்பி பற்றி வளர்வது அங்கேதான். தூத்துக்குடிக்கும் மணப்பாட்டுக்கும் எதிரே உள்ள முத்துப்பார்கள் பெரும்பாலும் 12 முதல் 25 மீட்டர் ஆழத்தில் கிடக்கின்றன; தோணிக்கு அவற்றால் ஆபத்து இல்லை. எனவே 'ஷோல்' என்று பாரை மொழிபெயர்த்தால் தவறு. ஆழத்தை அல்ல, அடித்தரையின் தன்மையைச் சொல்கிறது பார். ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு. அவற்றுள் புகழ்பெற்றது தொலையிரம் பார். ஜேம்ஸ் ஹார்னெல் 1905இல் மன்னார் வளைகுடா முத்துக்குளிப்பு பற்றி எழுதிய அறிக்கை இந்தப் பெயர்களைப் பதிவுசெய்கிறது. சிப்பி விளைவது ஆண்டுதோறும் நிச்சயமில்லை. பல்லாண்டு வெறுமையாகக் கிடந்து திடீரென்று ஒரு பார் நிறையும். தூத்துக்குடிக் கரையின் கடைசி முத்துக்குளிப்புத் தொடர் 1955இல் தொடங்கி 1961இல் முடிந்தது.

சல்லி என்பது தூத்துக்குடிக்கு எதிரேயுள்ள தீவுகளின் பெயர்களில் வாழ்கிறது: காரைச்சல்லி, விலாங்குசல்லி. பவளம் உடைந்து குவிந்த மேடுகள் இவை. 'ஷாலோ' என்ற ஆங்கிலச் சொல்லை அறிந்தவருக்குச் 'சல்லி' அதன் உறவாகத் தோன்றலாம். ஆனால் சிறு கல் என்ற தமிழ்ப் பொருளே போதுமானது. விலாங்குசல்லி இன்று நீருக்குள் போய்விட்டது. மன்னார் வளைகுடாக் கடல்சார் தேசியப் பூங்காவின் 21 தீவுகளில் மூழ்கிவிட்ட இரண்டில் அது ஒன்று; பூவரசன்பட்டி மற்றொன்று. சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் பல்லாண்டு பவளத்தை வெட்டியெடுத்ததே அந்த மூழ்கலின் முதன்மைக் காரணம் என்று ஆய்வாளர் சொல்கிறார்கள். பெயரில் கல் இருக்கிறது, கடலில் கல் இல்லை. இது வருத்தத்தோடு பதிய வேண்டிய செய்தி.

வடக்கே இராமேசுவரம், தலைமன்னார்ப் பகுதியில் தீடை. ஓதத்துக்கும் பருவக்காற்றுக்கும் ஏற்ப இடம் மாறும் மணல் அது. இந்தியாவையும் இலங்கையையும் இணைக்கும் மணல் வரிசையைக் கப்பல் தாண்ட முடியாததாலேயே, ஐரோப்பியக் கப்பல்கள் இலங்கையைச் சுற்றிப்போயின.

மீன்கூட்டத்தின் பக்கம் வந்தால், சங்கப் பாடல்களின் நெய்தல் நிலத்தில் 'இனமீன்' என்ற அழகான சொல்லாட்சி வருகிறது. ஓரினமாகத் திரண்டு திரியும் மீன். அது இடத்திலிருந்து பிறந்த சொல்லன்று, உறவிலிருந்து பிறந்தது. ஆங்கில மீன்-ஷோலின் வேரிலும் கூட்டம் என்ற பொருளே உள்ளது. ஆக, தமிழிலும் இடச்சொல்லும் கூட்டச்சொல்லும் தனித்தனி வழியில் வந்தவை.

சொற்கள் பிரிந்திருக்கலாம், கடலில் இடமும் கூட்டமும் பிரிந்திருக்கவில்லை. மடவைக் குஞ்சும் இறால் குஞ்சும் கழிமுகத்தின் ஆழமற்ற, சேறான நீரில் வளர்ந்து கடலுக்குப் போகின்றன. புன்னைக்காயலின் அலையாத்திக் காடு அவற்றுக்கு மறைவிடம். பாரின் மேல் சிப்பி மட்டுமா, மீனும் மொய்க்கும். சாளையும் நெத்திலியும் கரையை ஒட்டித் திரளும்போதுதான் கரைவலைக்கு வேலை. காயல்பட்டினத்தின் கொம்புத்துறையிலும் சிங்கித்துறையிலும் கடலுக்குப் போகிறவர்கள், நீரின் நிறத்தையும் பறவையின் இறக்கத்தையும் பார்த்துக் கூட்டம் எங்கே என்று சொல்வார்கள். அவர்கள் அறிவில் இடமும் மீனும் ஒன்றுசேர்ந்தே இருக்கின்றன. அந்த ஒற்றுமையைச் சொற்பிறப்பில் தேடியதே கயல்-காயல் விளக்கத்தின் பிழை.

6. மார்க்கோ போலோவின் 'காயில்' எது?

பொருள் தெளிந்தபின், நெடுங்கால வழக்கு ஒன்றை வேறு கண்ணோடு பார்க்கலாம். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரைக்கு வந்த மார்க்கோ போலோ, காயில் என்ற பெரிய, சிறந்த நகரத்தைக் குறிப்பிடுகிறார். ஹோர்முஸ், கிஷ், ஏடன் முதலிய மேற்கு நாடுகளிலிருந்து குதிரைகளோடு வரும் கப்பல்கள் அங்கே தங்கின என்கிறார். பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் இதே குதிரை வணிகத்தை விரிவாக எழுதுகிறார். அவர் நூலின் ஆங்கில மொழிபெயர்ப்பில் ஊர்ப்பெயர் 'காபில்' என்று அச்சாகியிருக்கிறது. அரபு எழுத்தில் யகரத்துக்குக் கீழே இரண்டு புள்ளி, பகரத்துக்கு ஒன்று. ஒரு புள்ளி தவறியதால் காயில் காபிலாயிற்று.

அந்த நகரம் பழையகாயலா, காயல்பட்டினமா? கால்டுவெல் 1870களில் கொற்கையிலும் பழையகாயலிலும் கள ஆய்வு செய்தார். உடைந்த ஓடுகளும் சீனப் பானைத் துண்டுகளும் பரந்து கிடந்ததைக் கண்டு, போலோவின் நகரம் பழையகாயலே என்று முடிவு செய்தார். யூல் அதை ஏற்றார். 1881இல் வெளிவந்த கால்டுவெல்லின் திருநெல்வேலி வரலாறு அதை நிலைநாட்டியது. மறுபக்கம், காயல்பட்டினத்தின் பழம்பள்ளிவாசல்களும் கல்லறைக் கல்வெட்டுகளும் வணிகச் சமூகம் ஒன்று அங்கே நெடுங்காலம் வேரூன்றியிருந்ததைக் காட்டுகின்றன. கல்வெட்டுகளில் அவ்வூர் சோனாடுகொண்டான்பட்டினம் என்றும், அதன் பள்ளிவாசல் உதயமார்த்தாண்டப் பெரும்பள்ளி என்றும் சுட்டப்படுகின்றன. ஒன்று பாண்டியரின் வெற்றிப் பட்டத்தை நினைவூட்டும் பெயர், மற்றது வேணாட்டு அரசரின் பெயர். மெஹர்தாத் ஷூக்கூஹி தென்னிந்திய இஸ்லாமியக் கட்டடக்கலை பற்றிய தம் நூலில் (2003) இப்பள்ளிவாசல்களை அளந்து வரைந்து விரிவாக ஆராய்ந்திருக்கிறார்.

இந்தக் கல்வெட்டுப் பெயருக்கு வழக்கில் தரப்படுவதைவிட அதிக எடை தர வேண்டும் என்பது என் கருத்து. ஊருக்கு அரசு வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கிறது. காயல் அந்தப் பெயரில் இல்லை. அப்படியானால் காயல் என்பது தொடக்கத்தில் ஊரின் பெயரல்ல, ஊர்கள் அமைந்த நீர்ப்பரப்பின் பெயர். மேற்கிலிருந்து வந்த மாலுமி 'காயில்' என்றபோது, ஒரு மதிலுக்குள் அடங்கிய நகரத்தை நினைத்திருக்க வேண்டியதில்லை. பெருங்கப்பல் வெளியே நங்கூரமிட, சரக்கு சிறு படகுகளில் கழிக்குள் போய்ப் பல துறைகளில் இறங்கும். தூத்துக்குடியில் 1974இல் புதிய துறைமுகம் வரும்வரை நடந்ததும் இதுதான்: கப்பல் பல கிலோமீட்டர் தொலைவில் நிற்கும், தோணிகள் சரக்கைக் கரைக்குக் கொண்டுவரும். ஆழமின்மையோடு வாழக் கற்ற துறைமுகம் அது.

அந்த நீர்ப்பரப்பு ஓரிடத்தில் நிற்கவில்லை. பெரிப்ளூஸ் என்ற பழைய கிரேக்கக் கடற்பயண நூல் முத்துக்குளிப்போடு சேர்த்துச் சொல்லும் கொற்கை இன்று கடலிலிருந்து பல கிலோமீட்டர் உள்ளே, வயல்களுக்கு நடுவே இருக்கிறது. 1968-69இல் தமிழ்நாடு தொல்லியல் துறை அகழ்ந்தது அந்த உள்நாட்டு மேட்டைத்தான். தாமிரபரணியின் வண்டல் கடலை விலக்கிக்கொண்டே போக, துறை கிழக்கே நகர்ந்தது. பழையகாயலும் தூர்ந்தபின், 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் நிலைகொண்டது புன்னைக்காயலில்; இயேசு சபைக் குருவான அண்டிரிக் அடிகளார் தமிழ் கற்று, எழுதி, 1600இல் இறந்ததும் அங்கேதான். 'பழைய' என்ற அடைமொழியே, புதிய காயல் ஒன்று தோன்றியபின் வந்ததாக இருக்க வேண்டும். பெயர் நீரோடு நகர்ந்திருக்கிறது. நீர் போனபின் ஊரோடு தங்கியிருக்கிறது. இன்று காயல்பட்டினத்தில் கழிமுகம் ஏதும் இல்லை, திறந்த கடற்கரைதான்.

எனவே, இரண்டு ஊரில் எது உண்மையான காயில் என்று கேட்பதைவிட, 13ஆம் நூற்றாண்டில் கழி எங்கே கிடந்தது, எவ்வளவு அகலம், எந்த வாய் வழியாகக் கடலோடு திறந்தது என்று கேட்பது பயன் தரும். இதற்கு விடை சொல்லக் கூடியது ஏட்டுச் சான்று மட்டுமல்ல. தாமிரபரணிக் கரையிலுள்ள ஆத்தூருக்குக் கிழக்கேயும் தெற்கேயும் காயல்பட்டினம் வரை உப்பளங்களின் அடியில் துளையிட்டு எடுக்கும் வண்டல் மாதிரிகள், அவற்றில் உள்ள கழிநீர்ச் சிப்பிகள், அவற்றின் கரிமக் காலக்கணிப்பு ஆகியவற்றைக் கல்லறைக் கல்வெட்டுகளின் ஆண்டுகளோடு சேர்த்து வைத்தால், துறைகள் எந்த வரிசையில் எழுந்து தூர்ந்தன என்பதைச் சொல்ல முடியும். கால்டுவெல் ஓடு பொறுக்கிய நிலமும் பள்ளிவாசல்கள் நிற்கும் நிலமும் அந்த ஆய்வில் எதிரெதிர்த் தரப்பாக நிற்காது. ஒரே கழியின் இரண்டு கரைகளாகவோ, அடுத்தடுத்த இரண்டு காலங்களாகவோ வெளிப்படும்.